எந்த மில்லு எண்ணெய்

ஒரு நாளுக்கான எண்ணெய்
எட்டு நாள் எரிந்ததென்று
சிப்போரா முதன்முதலாகச் சொன்ன இரவில்
நான் கேட்டது:
"எந்த மில்லு எண்ணெய்?"

காங்கேயத்துக்காரன் வேறென்ன கேட்பான்.
பகலெல்லாம் கொப்பரையில் ஈரம் பார்த்து
டின்னுக்குப் பதினைந்து கிலோ கணக்கெழுதி
சட்டைப்பையில் பேனாவும் வழுக்குகிற தொழில்.
அவள் சிரிக்கவில்லை.
மூன்று நாள் கழித்து, வெங்காயம் அரியும்போது
திடீரென்று சிரித்தாள்.

கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்தது
ஒரு பித்தளை விளக்கு.
எட்டுக் குழி ஒரே வரிசையில்,
ஒன்பதாவது தனியே, உயரத்தில்.
"அது வேலைக்காரன்.
மற்றதையெல்லாம் ஏற்றிவிட்டு நிற்பான்."
கொச்சியில் பூட்டிய வீட்டில் மிஞ்சிய பொருள்.
வீட்டார் முன்பே இஸ்ரேலுக்குப் போயிருந்தார்கள்,
பாலைவனத்தோரம் ஏதோ பூ வளர்க்கிற ஊருக்கு.
அப்பா வரவில்லை. வாழ்த்தும் வரவில்லை.

என் பக்கம் சுலபமென்று நினைத்திருந்தேன்.
"பேரெல்லாம் நம்ம பேருங்களே" என்றாள் அக்கா எஸ்தர்.
அவளுடைய அக்காவும் எஸ்தர்தான்.
ஒரே புத்தகத்தில் அவள் பாதியில் நின்றுகொண்டாள்,
நான் கடைசிப் பக்கம் வரை போனவன்,
அவ்வளவுதானே.
அவ்வளவுதான் இல்லை.

பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி வைக்காத வீடு
சென்னிமலை ரோட்டில் எங்களுடையது ஒன்றுதான்.
எங்கள் அதிரசம் கடலெண்ணெயில்,
அவள் நெய்யப்பம் தேங்காயெண்ணெயில்.
"தேங்காயெண்ணெய்லயா பலகாரம்?"
மூக்கைப் பொத்தினாள் அக்கா,
ஊருக்கே அதை ஆட்டி விற்கிற வீட்டில் பிறந்தவள்.
முதல் டிசம்பரில் இரண்டு வாணலி.
இரண்டாம் டிசம்பரில் பேச்சே இல்லை.
மூன்றாம் டிசம்பரில் அபிகாயில் பிறந்து
எல்லாரையும் தூங்கவிடாமல் செய்தாள்.
அதற்குப் பிறகு அப்பா போன் செய்யத் தொடங்கினார்,
குழந்தையைக் காட்டு என்று மட்டும்.

இந்த வருஷம்
களத்தில் பனி இறங்குமுன் தார்ப்பாய் இழுத்துவிட்டு
நான் வீடு சேரும்போது
வாசலில் கேரல் ரவுண்ட்ஸ்.
கிதார், டிரம், முகமூடிக்குள் வியர்க்கிற கிறிஸ்துமஸ் தாத்தா.
ஜன்னலில் ஐந்து சுடர், மேலே ஒன்று.
டிரம் பையன் கேட்டான்:
"ஏனுங்க்கா, கார்த்திகை போன வாரமே முடிஞ்சுதுங்களே?"
"எங்களுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."
"செரிங்க்கா."
கடைசிப் பாட்டு முடியுமுன்னே
நெய்யப்பத் தட்டு காலி.
எந்த எண்ணெய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான் போன்.
சிப்போரா ஜன்னலோரம் நகர்ந்தாள்,
விளக்கு மட்டும் தெரிகிற மாதிரி.
எனக்குத் தெரியும் அந்த நகர்தல்.
போன வருஷம் போதகர் ஜெபிக்க வந்தபோது
விளக்கை அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தவன் நான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அபிகாயில் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.
இது மரம், சவுக்கு, அப்பா வெட்டினது.
இது பனி, பஞ்சுதான், தொட்டாலும் கரையாது.
இது மாட்டுக்கொட்டாய். இது பாப்பா, பேர் இயேசு.
இது நான் செஞ்ச ஸ்டார், எத்தனை மூலை எண்ணுங்க.
எண்ணினால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு.
இது எங்க விளக்கு. இன்னிக்கு அஞ்சு.

அந்தப் பக்கம் சத்தமில்லை.
நெட் போய்விட்டதோ என்று எட்டிப்பார்த்தேன்.
அவர் கண்ணாடியை மேலே தள்ளினார்.
மரத்தைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா, தெரியாது.
சிப்போரா சேலைத் தலைப்பை
ஒரு விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"சிப்போரே, திரிக்கு நீளம் கூடிப்போயி.
கரி பிடிக்கும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

எரிகிறதைத் தொடக்கூடாதாம்.
நாளைக்கு ஆறு, குட்டையாகத் திரிக்கலாம் என்றாள்.
டப்பாவில் பஞ்சு தீர்ந்திருந்தது.
அபிகாயில் நாற்காலி போட்டு ஏறி
சவுக்குக் கிளையிலிருந்து
கொஞ்சம் பனி பிய்த்துக்கொடுத்தாள்.